பெட்டிக்காரரை வெளியே நிறுத்திவிட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் பழக்கம். இந்தத் தரம் முதல் பாதியை எழுத முடியவில்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அம்மா விழுந்துவிட்டாள். துணி அலசிய வாளியைத் தூக்கும்போது விழுந்திருக்கிறாள். தண்ணீர் முழுதும் அவள் மேல் கொட்டிக் கிடந்தது. வழுக்கிவிட்டதாக்கும் என்று நினைத்து, "எழுந்திரும்மா" என்று கையைப் பிடித்தேன். கை, பிழிந்துபோட்ட துணி மாதிரி இருந்தது. கீழ்வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் படி இறக்கினார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பாம். வலது பக்கம் வராது, பேச்சும் வராது, ஆனால் நாம் பேசுவதெல்லாம் புரியும் என்று டாக்டர் சொன்னார். நேற்றுதான் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கோபிக்காதீர்கள். உங்கள் ஸ்டுடியோ நம்பருக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்து, "யாருங்க? அட யாருங்க, சொல்லுங்க" என்றார். எனக்கு வாய் வரவில்லை. வைத்துவிட்டேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

இப்போது பெரிய பாடு சாப்பாடுதான். நான் ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் கடைவாய் வழியாக வழியவிட்டுவிடுகிறாள். "விழுங்கத் தெரியுதும்மா அவங்களுக்கு. விழுங்க மனசுதான் வரல" என்றார் டாக்டர். மூக்கு வழியாகப் போட்ட குழாயை அவள் இரண்டு தரம் பிடுங்கிப் போட்டுவிட்டாள். "ரொம்பப் பழகின ஆள் யாராவது பக்கத்துல இருந்து பேசினா மனசு திரும்பும். உங்கப்பா எங்க?" என்று கேட்டார். கீழ்வீட்டு அக்கா பெருமையாக, "இவங்கப்பாதான் சார் ரேடியோவுல பேசுவாரே, அவரு! இப்ப சினிமாவுல இருக்கார்" என்றார். டாக்டர் உடனே எழுந்து நின்றுவிட்டார் அப்பா. அவரும் உங்கள் நேயராம். "அந்தக் குரல் போதுமேம்மா. போன்லயாவது பேசச் சொல்லு" என்றார்.

அதைத்தான் கேட்கிறேன். நீங்கள் வர முடியாவிட்டால் பரவாயில்லை. ஒரே ஒரு தரம் போன் செய்யுங்கள். நீங்கள் ரேடியோ நிலையத்தை விட்டு நடிக்கப் போனதிலிருந்து கடிதமாகத்தான் வருகிறது. ஒரு தரம்கூட உங்கள் குரல் வரவில்லை. கீழ்வீட்டு அக்கா போனையே மேலே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்கிறார். நம்பரைத் தனிச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சாயங்காலமானால் அம்மா வாசலைப் பார்க்கிறாள்.

உங்கள்
முணுமுணு


பிப்ரவரி 15

காற்றிலே வாழ்ந்தவன் காகிதத்திலே வணங்குகிறேன்! எண்ணற்ற நேயர்கள் விலகிப்போன பின்னும் விலகாத ஒரே நேயரான என் முணுமுணுவுக்கு,

உன் கடிதத்தை மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். மேக்கப்காரர், "ஜட்ஜ் ஐயா, அழுவுறதா இருந்தா முன்னாடியே அழுதுடுங்க. பவுடர் ஓடுது பாருங்க" என்றார். இங்கே எல்லோருக்கும் நான் ஜட்ஜ் ஐயா. வந்த புதிதில் தொடர்ந்து நீதிபதி வேடமாகக் கிடைத்ததால் வந்த பெயர். இப்போது டாக்டர், தலைமையாசிரியர், கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கும் பெரியவர் என்று பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. போன வாரம் சாவதற்கு ஒரு காட்சி கொடுத்தார்கள். நன்றாகச் செத்தேன் என்று கைதட்டினார்கள்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் போன் பேச விடமாட்டார்கள். நான் தங்கியிருக்கும் அறைக்காரம்மா போனைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாள். வெளியே போய்ப் பேசலாமென்றால் வேலை முடியும் நேரத்தில் கடைகள் அடைத்துவிடுகின்றன. இதையெல்லாம் சாக்கு என்று நினைக்காதே.

ஒன்று செய். இதனுடன் அம்மாவுக்கென்று தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீ வாசித்துக் காட்டு. எழுதியது நான், வாசிப்பது என் மகள். இரண்டும் சேர்ந்தால் என் குரல்தானே? மூச்சு விட வேண்டிய இடங்களில் சாய்வுக்கோடு போட்டிருக்கிறேன். ஒரு கோடு என்றால் சின்ன மூச்சு, இரண்டு கோடு என்றால் நிறுத்தி நிதானமாக விடும் மூச்சு. செய்திக்கு அப்படித்தான் போட்டுக்கொள்வேன், ஞாபகம் இருக்கிறதா?

அவள் விழுங்கிவிடுவாள். பிடிவாதக்காரி, ஆனால் பசி தாங்கமாட்டாள்.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

தாள் வந்தது. வாசித்தேன். இல்லை, வாசிக்கப் பார்த்தேன்.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பதை மறந்துவிட்டீர்களா? என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்ன அன்று டீச்சர், "அப்பன் வாயத் தொறந்தா ஊரே கேக்குது. பொண்ணு வாயத் தொறந்தா முன்பெஞ்சுக்கே கேக்கல" என்றார். வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை. அம்மா உங்களோடு சண்டை பிடித்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டு, "விடு, ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்றீர்கள். அது எனக்கு அன்றைக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது அந்த ஒரு வாயும் வீட்டில் இல்லை.

முதல் சாய்வுக்கோடு வரைக்கும் வந்தேன். அங்கே விட்ட மூச்சு திரும்ப வரவில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நிலையத்துக்குப் போய் உங்கள் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்று. போனேன் அப்பா, நான் தனியாகப் போனேன். வாசலில் காவல்காரர், "யாரு வேணும்?" என்றதும் நான் பேசாமல் நின்றேன். அவரே உற்றுப் பார்த்துவிட்டு, "அட, நம்ம காலை நிகழ்ச்சிக்காரர் பொண்ணா? அதே மூக்கு" என்று உள்ளே விட்டார்.

டேப் அறையில் இருக்கிற கண்ணாடி போட்ட அண்ணன் தலையைச் சொறிந்தார். "எதும்மா இருக்கு? ஒரே டேப்பு மேல திரும்பத் திரும்பப் பதிவு பண்றதுதானே இங்க வழக்கம். உங்கப்பா தினமும் வர்றவரு. தினமும் வர்ற குரல எவன் பத்திரப்படுத்துவான்?" என்றார். அலமாரியெல்லாம் தேடினார். எந்த டேப்பைப் போட்டாலும் உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பையன் சிரிக்கிறான். அவன் எதற்கெடுத்தாலும் சிரிப்பான், உங்களுக்குத் தெரியாது.

கடைசியில் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டு நாடாவை எடுத்தார். "உங்கப்பா இருமல் வந்தா மைக்க மூடிட்டு இருமுவாரு. கை அவ்வளவு வேகம். ஒரே ஒரு நாள் மறந்துட்டாரு. இருமிட்டு, மூக்க உறிஞ்சிட்டு, 'ச்சை' ன்னார். ஒலிபரப்புக்கு முன்னாடி அத வெட்டி எடுத்துட்டேன். அப்பப்போ போட்டுச் சிரிப்போம். இதான் இருக்கு, வேணுமா?" என்றார். இருமலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வரும்போது, "அப்பா தொண்ட இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். உங்கள் தொண்டைக்கு என்ன?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கீழ்வீட்டு அக்கா வலுக்கட்டாயமாக என்னை உங்கள் படத்துக்குக் கூட்டிப்போனார். நீங்கள் நீதிபதியாக வந்தீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீங்கள் வாயைத் திறந்தீர்கள். வேறு யாரோ பேசினார். உங்கள் வாய்தான் அசைந்தது. தண்டனையைக்கூட வேறு ஆள்தான் சொன்னார். அக்கா, "சினிமாவுல அப்படித்தான்டி" என்றார். உங்கள் குரலை வைத்துக்கொண்டு யாராவது வேறு குரலைப் போடுவார்களா?

அம்மா மெலிந்துவிட்டாள். வளையல் முழங்கை வரை போகிறது. பாலில் கொஞ்சம் உள்ளே போகிறது, மீதி எல்லாம் தலையணைக்கு. போன் செய்யுங்கள் அப்பா. என்னைக் கெஞ்ச வைக்காதீர்கள்.

உங்கள்
முணுமுணு


மார்ச் 1

நேயர் விருப்பம் கேட்டு நெஞ்சுருகிப் போன ஒரு நடிகன் எழுதுவது,

முணுமுணு, நீ தனியாக நிலையத்துக்குப் போனாய் என்று படித்ததும் அந்த வரியை மேக்கப்காரருக்கும் காட்டினேன். "புலி வயித்துல பூனையா பொறக்கும்?" என்றார்.

சினிமாவைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே முகம் ஒருவருடையது, குரல் ஒருவருடையது. சண்டையில் விழுகிற உடம்பு மூன்றாவது ஆளுடையது. ஒரு மனிதனைச் செய்ய மூன்று பேர் வேண்டியிருக்கிறது. எனக்குக் குரல் கொடுப்பவன் ஒரு தம்பி. தங்கமான பையன். என்னை "அப்பா" என்றுதான் கூப்பிடுவான்.

டேப் அறைக்காரருக்கு என்றைக்குமே அடுத்தவன் தொண்டை மேல்தான் கண். எனக்கு ஒன்றுமில்லை.

நல்ல செய்தி சொல்கிறேன், கேள். ஒரு பெரிய வேடம் கிடைத்திருக்கிறது. படம் முழுக்க வருவேன். என்ன வேடம் தெரியுமா? ஓய்வு பெற்ற வானொலிக்காரர்! இயக்குநர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குன்னே பொறந்த மூஞ்சி" என்றார். அம்மாவிடம் சொல். சிரிப்பாள்.

அதைவிட நல்ல செய்தி: வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பு நிகழ்ச்சி தொடங்குமே அதே நேரத்துக்குப் போன் செய்கிறேன். அறைக்காரம்மாவிடம் சாவி வாங்கியாகிவிட்டது. போனை அம்மாவின் காதுக்கு அருகே வை. அவளுக்குப் பிடித்ததாக ஏதாவது ஊட்டத் தயாராக வைத்துக்கொள்.

அன்புடன்
அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

அம்மாவுக்குத் தலை வாரி, மஞ்சள் புடவை கட்டிவிட்டிருந்தேன். பால் ஆறவைத்து ஸ்பூனோடு தயாராக இருந்தேன். கீழ்வீட்டு அக்கா போனைக் கட்டிலில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம். என் அன்பு மனைவிக்கு இனிய காலை வணக்கம். இந்தப் பொன்னான காலைப்பொழுதில் உன்னோடு உரையாடுவதில் பெருமகிழ்ச்சி" என்றது போன்.

அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "அதே கொரல்டி! அச்சு அசல்!" என்று அழுதேவிட்டார். நானும் ஒரு நிமிஷம் ஏமாந்தேன். அப்படியே உங்கள் குரல்தான். உருண்டு உருண்டு வந்தது. "உணவருந்து. உடல்நலம் பேணு" என்றது.

அம்மாவைப் பார்த்தேன். முதலில் கண் பெரிதானது. அப்புறம் நெற்றி சுருங்கியது. இடதுகையைத் தூக்கி, இரண்டு விரலால் காற்றில் திருகினாள். எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பத் திருகினாள். பிறகு புரிந்தது. பெட்டியை அணைக்கச் சொல்கிறாள். அவளைப் பொறுத்தவரை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கும் தெளிந்தது. நீங்கள் வீட்டில் என்றைக்கு அப்பா அந்தக் குரலில் பேசினீர்கள்? ஒரு நாள் வேலை முடிந்து வந்து அதே குரலில் "தேநீர் கிடைக்குமா?" என்றதற்கு அம்மா என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? "அந்தப் பெட்டிக்காரர வெளிய நிறுத்திட்டு நீங்க மட்டும் உள்ள வாங்க. செருப்போட அந்தக் கொரலையும் வாசல்லயே கழட்டிடுங்க." அன்றிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு தரம் இருமிவிட்டுத்தான் நுழைவீர்கள். உள்ளே வந்தால் மூக்கால் பேசுவீர்கள். பாதி வார்த்தையை விழுங்குவீர்கள். அம்மாவை "இவளே" என்பீர்கள். "அன்பு மனைவி" என்று நீங்கள் கூப்பிட்டிருந்தால் அவள் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

போனில் வந்தவர் ஒரு தரம்கூட இருமவில்லை. என்னை "மகளே" என்றார். எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்களே, அது அவருக்குத் தெரியவில்லை.

யார் அந்த ஆள்? அவரை ஏன் எங்கள் வீட்டுக்குள் அனுப்பினீர்கள்?

அன்றிலிருந்து அம்மா வாயே திறப்பதில்லை. ஸ்பூனைக் கண்டாலே முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொள்கிறாள். நர்ஸ் வந்து கையில் ஊசி குத்தித் தண்ணீர் மாதிரி எதையோ ஏற்றிவிட்டுப் போகிறார். சாயங்காலம் வாசலைப் பார்ப்பாளே, அதையும் நிறுத்திவிட்டாள். நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவளுக்கு அந்த போன்தான் சொல்லியிருக்கிறது.

மகள்


மார்ச் 14

முணுமுணு,

பூச்சு வார்த்தை ஒன்றும் வரவில்லை. இப்படியே எழுதுகிறேன்.

எனக்குக் குரல் இல்லை. போய்விட்டது.

நிலையத்தில் கடைசி நாட்களில் கரகரப்பு இருந்ததே, தொண்டைக்கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது கட்டி. புதிய அதிகாரிக்கு இளம் குரல் வேண்டுமாம் என்று உங்களிடம் சொன்னது பொய். நிகழ்ச்சி நடுவில் என் குரல் உடைந்து நின்றுவிட்டது. அவர்கள் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். நடிக்கப் போகிறேன் என்று சொல்லி நான் பஸ் ஏறியது ஆஸ்பத்திரிக்கு. கட்டியை எடுத்தபோது அதோடு குரலும் போய்விட்டது. உயிர் தப்பியது. இப்போது பேசினால் காற்றுதான் வருகிறது. பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் விளங்கும்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்தான் இந்த மேக்கப்காரர். "ஐயா, ஒங்களுது ஜட்ஜ் மூஞ்சி. விட்டுடாதீங்க" என்று அவர்தான் இங்கே சேர்த்துவிட்டார். வாயை அசைத்தால் போதும் என்றார்கள். என் வாழ்நாளில் என் குரலை யாரும் கேட்காத ஒரே இடம் இதுதான். ஒளிந்துகொள்ள நல்ல இடமாகத் தெரிந்தது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? வேறு என்ன இருந்தது என்னிடம்? நிலம் இல்லை, படிப்பு இல்லை. உன் அம்மாவின் வீட்டார் எனக்குப் பெண் கொடுத்ததே ரேடியோவில் பேசுகிற மாப்பிள்ளை என்றுதான்.

போனில் பேசியவன் குரல் தம்பி. நான்தான் கேட்டேன். நிலையத்தார் வழியனுப்பும்போது, குரல் நன்றாக இருந்த நாளின் நிகழ்ச்சி ஒன்றைக் கேசட்டில் ஏற்றி எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதை அப்படியே அனுப்பினால் அவளோடு பேசுவதாக இருக்காதே என்று, அதைப் போட்டுக் காட்டி, கையை ஆட்டி ஆட்டி அவனைப் பழக்கினேன். எந்த இடத்தில் இறங்க வேண்டும், எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். அவன் சரியாகச் செய்தபோது நான் அழுதேன், முணுமுணு. என் குரல் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அதுதான் என் குரல் என்று நானும்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வீட்டில் எனக்கு வேறு ஒன்று இருந்தது என்பது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதை நான் கேட்டதே இல்லையே.

இப்போது வரச் சொல்வாய். வந்து என்ன செய்வேன்? வாய் போனவளுக்கு வாய் போனவன் வந்து என்ன ஆறுதல் சொல்வான்? என்னைப் பார்த்தால் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். இங்கே வானொலிக்காரர் வேடம் பாதியில் நிற்கிறது. நான் எழுந்து போனால் நாளைக்கே வேறு மூஞ்சி கிடைக்கும் அவர்களுக்கு. இருந்து முடித்தால் மருந்துக்காவது உதவுவேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. நான் கல்நெஞ்சக்காரன், வரவில்லை என்றே இருக்கட்டும். குரல் போனவன் என்று தெரிய வேண்டாம்.

அப்பா


மார்ச் 18

அப்பா,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். அழுதது அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டேன்.

தனியாகவா ஆபரேஷன் செய்துகொண்டீர்கள்? பக்கத்தில் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லாமலா? இதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத முடிகிறது.

டாக்டர் இன்றைக்கு வந்தார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இப்படியே போனா அதிக நாள் தாங்காதும்மா. யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடு" என்றார். எனக்குச் சொல்ல இருக்கிறவர் ஒருவர்தான். சொல்லிவிட்டேன்.

நீங்கள் என்ன ஆறுதல் சொல்வது என்று கேட்கிறீர்கள். யார் உங்களை ஆறுதல் சொல்லச் சொன்னார்கள்? அப்படிச் சொல்வதுதான் ரேடியோ. நாங்கள் கேட்டது உங்களை.

அந்தப் படத்தில் வானொலிக்காரர் வேடத்துக்கு ஆயிரம் மூஞ்சி கிடைக்கும். இந்தக் கட்டில் பக்கத்தில் இருக்கிற நாற்காலிக்கு யாரைக் கூட்டிவரட்டும்? இதற்கும் ஒரு தம்பியை அனுப்புவீர்களா?

எனக்கு இவ்வளவு கோபமாக எழுதத் தெரியும் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. நேரில் என்றால் ஒரு வார்த்தை வந்திருக்காது.

அம்மாவிடம் சொல்லாதே என்கிறீர்கள். அதற்கு மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வர முடியாது என்று பதில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் நான் பிரிக்கமாட்டேன். இனி உங்களுக்கு எழுதவும் மாட்டேன்.

முணுமுணு


மார்ச் 22

முணுமுணு,

தாடியையும் கோட்டையும் கழற்றி மேக்கப்காரர் கையில் கொடுத்துவிட்டேன். "போயிட்டு வாங்க ஜட்ஜ் ஐயா, எடம் இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல" என்றார். குரல் தம்பி பஸ்ஸுக்குச் சீட்டு எடுக்கப் போயிருக்கிறான். உனக்கு இதை அவன்தான் தபாலில் போடுவான். வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன்.

பயமாக இருக்கிறது. அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அப்பா


மார்ச் 25, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. வாசலில் உங்கள் கையில் கொடுக்கப்போகிறேன். உங்களைப் பார்த்ததும் என்னால் எதுவும் சொல்ல முடியாது. உங்களால் எதுவும் கேட்கவும் முடியாது. அதனால் படிக்கட்டில் உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

அம்மா இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் கட்டில் ஜன்னலோரம்தான், பழைய இடம்தான். அவளைப் பார்த்ததும் திடுக்கிடுவீர்கள். கட்டிலில் இருப்பது போர்வை மட்டும்தானோ என்று தோன்றும். திடுக்கிட்டதை முகத்தில் காட்டாதீர்கள். நீங்கள் இப்போது நடிகர்தானே.

உங்கள் கார்டு வருவதற்கு முந்தின நாள் நான் மறுபடியும் நிலையத்துக்குப் போனேன். காவல்காரர் கேட்பதற்குள் நானே, "டேப் ரூம் அண்ணனப் பாக்கணும்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், அவர் திரும்பக் கேட்கவில்லை. கண்ணாடி அண்ணனிடம், "அந்த இருமல் வேணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதைக் கேசட்டில் ஏற்றி, சின்ன டேப் பெட்டி ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் அதை அம்மா தலைமாட்டில் வைத்துப் போட்டேன். நீங்கள் இருமினீர்கள். மூக்கை உறிஞ்சினீர்கள். "ச்சை" என்றீர்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

சுவரைப் பார்த்துக் கிடந்தவள் தலையைத் திருப்பினாள். பெட்டியைப் பார்க்கவில்லை அப்பா. வாசலைப் பார்த்தாள். நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டாள். இன்னொரு தரம் அவளை ஏமாற்ற முடியாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாயால்தான் சொன்னேன். கட்டி, ஆஸ்பத்திரி, காற்று மட்டும் வருகிறது, போனில் பேசியது நீங்கள் இல்லை என்று எல்லாம். நடுவில் நடுவில் நின்றுவிட்டேன், அவள் காத்திருந்தாள்.

முடித்ததும் அவள் தோள் குலுங்கியது. வலிப்பு வந்துவிட்டது என்று பயந்து கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட ஓடினேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "அடி பைத்தியமே, உங்கம்மா சிரிக்கிறாடி" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு வாய் போதும் என்ற வீட்டில் இப்போது அந்த ஒரு வாய் என்னுடையது என்று நினைத்துச் சிரித்தாளோ, எனக்குத் தெரியாது. இடதுகையால் என் தாடையைப் பிடித்து ஆட்டினாள். பிறகு ஸ்பூனைப் பார்த்தாள்.

கொஞ்சம்தான் குடித்தாள். விழுங்கினாள், தொண்டையில் கைவைத்துப் பார்த்தேன். டாக்டரிடம் சொன்னேன். "சந்தோஷம்மா" என்றார், ஆனால் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். நாள் கடந்துவிட்டது என்று நினைக்கிறார் போல. நினைத்துக்கொள்ளட்டும். உங்களிடம் இதை மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

அவளுடைய இடதுபக்கம் உட்காருங்கள். அந்தக் கைக்குத்தான் உணர்வு இருக்கிறது. பேச வேண்டாம், முயற்சியும் வேண்டாம். பால் மேஜை மேல் மூடி வைத்திருக்கிறேன். நீங்களே ஊட்டுங்கள். நான் சமையலறையில் இருப்பேன், கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுங்கள்.

பெட்டிக்காரர் இனி வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானத்திலிருந்து வாசலைப் பார்த்தபடி இருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போது எப்போதும் போல ஒரு தரம் இருமுங்கள். அதற்குக் குரல் வேண்டியதில்லை.

உங்கள்
முணுமுணு